எதிர்காத்து சாரின் பதினோரு தீவுகள்

கடலூர் மாவட்டத்தில் இதுவரை பிறந்த மனிதர்களிலேயே காற்றைப் பற்றி அதிகம் தெரிந்தவர் எங்கள் எதிர்காத்து சார்தான். இதைப் படித்துவிட்டு வானிலை ஆபீஸ்காரர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். அவர்களிடம் கருவிகள்தான் இருக்கின்றன. சார் முகத்தை வைத்தே கண்டுபிடிப்பார்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்ல மாட்டேன், என் சர்வீஸ் ரெஜிஸ்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பிரிவுக்கு அவர் சூப்பிரண்டு, நான் அவருக்குக் கீழே உதவியாளர். அவருக்கு வீடு சிதம்பரத்தில், எனக்குப் பெண்ணாடத்தில். வாரநாட்களில் இருவரும் ஆபீஸுக்குப் பின்னால் ஒரே மாடி அறையில் தங்கியிருந்தோம். திங்கட்கிழமை காலையில் நான் பஸ்ஸில் வந்து சேர்வேன். அவர் சிதம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்வார். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று அத்தனை ஊரையும் மிதித்துக் கடந்து, முழுக்கைச் சட்டையின் பொத்தான் கூடக் கழலாமல், ஐம்பது வயசைத் தாண்டிய அந்த மனிதர் வந்து இறங்குகிற அழகை நான் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அதே சைக்கிளில் திரும்பிப் போவார்.

திங்கட்கிழமை பத்து நிமிஷம் தாமதமானால், "எதிர்காத்து சார்" என்பார். வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் முன்னால் கிளம்பக் கேட்டாலும், "எதிர்காத்து சார்" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர் மடக்கிப் பார்த்தார்.

"வரும்போதும் எதிர்காத்து, போகும்போதும் எதிர்காத்தா? அதெப்படிங்க?"

சார் மூன்று பக்கத்தில் எழுத்துமூல விளக்கம் கொடுத்தார். காலையில் வாடைக்காற்று வடக்கிலிருந்து வருகிறது, அவர் வடக்கு நோக்கி வருகிறார். சாயந்திரம் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது, அவர் தெற்கு நோக்கிப் போகிறார். 'அலுவலக நேரத்தில் காற்று திசை மாறுவதற்குப் பணியாளர் பொறுப்பாக மாட்டார்' என்று முடித்திருந்தார். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து கை கொடுத்தார். அந்த ஆபீஸில் ஓர் அதிகாரி எழுந்து கை கொடுத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காலையில் அறை ஜன்னலைத் திறந்து மூக்கைத் தூக்கிப் பார்ப்பார். "குடிகாடு வாசனை வருது. தென்காத்துப்பா. சட்டைய இன்னிக்கி வடக்குக் கொடியில காயப்போடு" என்பார். தெற்கே குடிகாட்டுத் தொழிற்சாலைகளின் கெமிக்கல் வாசனையை வைத்துத் துணி காயப்போட்ட மனிதரை நீங்கள் வேறெங்கே பார்த்திருப்பீர்கள்?

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். அவர் மனைவி சிதம்பரத்தில் நர்ஸ். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சார் ஐந்து நாள் கடலூரில் இருப்பார். அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து அக்காவுக்கு டூட்டி விழும். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷமாக இதே கதைதான்.

ஓர் அக்டோபர் மாதம் அக்கா போன் செய்தார். சார் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பதால் நானும் கேட்டேன்.

"பிப்ரவரில பத்து நாளு லீவு கேட்டுருக்கேங்க. பாஸ்போர்ட்டு எடுத்து சும்மாதான கெடக்குது? நீங்க எங்க வேணா அழச்சிக்கிட்டுப் போங்க, வர்றேன். ஆனா ஜனவரி கடைசிக்குள்ள டிக்கெட்டக் காட்டணும். அப்பத்தான் டூட்டி லிஸ்ட்டுல பேர எடுப்பாங்க. இல்லன்னா அந்தப் பத்து நாளும் ஐசியூதான்."

சார் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சேந்தாப்புல மூணு நாளு கூட நாங்க ஒரே வூட்ல இருந்ததில்லப்பா" என்றார். "இந்தப் பத்து நாள வுட்டா அப்புறம் கெடைக்காது."

அன்றே முடிவு செய்துவிட்டார். வெப்பமண்டலத் தீவு ஒன்றில் சைக்கிள் சுற்றுலா. ஏன் தீவு? இதில்தான் நான் அந்த மனிதரின் மூளையைக் கும்பிட்டேன்.

"அக்காவுக்கு சைக்கிள் தெரியாது. கேரியர்ல வச்சிதான் மிதிக்கணும். எதிர்காத்துல டபுள்ஸ் மிதிக்க முடியுமா? நேர் ரோட்டுல போனா போற தூரம் பூரா எதிர்காத்தா அமைஞ்சிரும், நம்ம ராசி அப்பிடி. அதே ஒரு தீவுன்னு வச்சிக்க. சுத்தி ரோடு. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் பாதி தூரம் முதுகுல அடிச்சே ஆகணுமா, இல்லியா?"

ஆமாம், அடித்தே ஆக வேண்டும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாக உலகம் கடலையும் மணலையும் பார்க்கத் தீவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முதுகில் காற்று வாங்குவதற்காகத் தீவைக் கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் அவர் சூப்பிரண்டு அல்லவா? தீவைத் தேர்ந்தெடுக்கிற வேலையும் ஒரு கோப்பாகத்தான் ஆரம்பித்தது. ஒரு தீவுக்கு ஒரு ஃபைல். மொத்தம் பதினோரு ஃபைல். ஒவ்வொன்றுக்கும் அட்டை, நாடா, குறிப்புப் பக்கம், கடிதப் பக்கம் எல்லாம் சொந்தச் செலவில். பிறகு எங்கள் அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். 'மொரீஷியஸ் தீவில் சைக்கிள் சுற்றுலா மேற்கொள்ள உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.' அதன் நகலை ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். எதிரே டீக்கடைக்காரரிடமும் வாங்கினார்.

எங்கள் ஊரில் ஆட்சேபணை கேட்டால் வராமல் இருக்குமா? டைப்பிஸ்ட் அம்மா மூன்று ஆட்சேபணை கொடுத்தார். முதலாவது, மொரீஷியஸில் மலை இருக்கிறது. இரண்டாவது, இட்லி கிடைக்குமா என்று தெரியவில்லை. மூன்றாவது, பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம்?

"சதுப்புல சைக்கிள் வுட்டா நண்டுதான் ஓட்டும், மேடம்" என்று மூன்றாவதை வாய்மொழியாகவே தள்ளுபடி செய்தார். இட்லிக்கு உரியவர்களிடம் விவரம் கேட்டு எழுதினார். மலையைத்தான் அவரால் ஒதுக்க முடியவில்லை. நேரடியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

கடலூரில் மலை என்றால் கேப்பர் மலைதான். அதையும் வெளியூர்க்காரர்களிடம் மலை என்று சொல்ல எங்களுக்கே கொஞ்சம் கூச்சம். சார் கேரியரில் அக்காவுக்காக நீல ரெக்ஸினில் மெத்தை தைத்து ஒரு சீட் பொருத்தியிருந்தார். அதில் அக்காவுக்குப் பதிலாக என்னை உட்கார வைத்தார். அக்காவின் எடையும் என் எடையும் ஒன்று என்று எந்த ஆதாரத்தில் முடிவு செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் யாராவது ஒருவருக்கு மனக்கஷ்டம். கொளுத்துகிற வெயிலில் ஒரு சூப்பிரண்டு மிதிக்க, பின்னால் நான் ஒருக்களித்து உட்கார்ந்திருக்க, கேப்பர் மலை ஏறினோம். பாதியில் நான் இறங்கித் தள்ளினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே பையிலிருந்து ஃபைலை எடுத்து, 'மலை காரணமாக மொரீஷியஸ் கைவிடப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நிலையிலும் கையெழுத்து கோணவில்லை.

இப்படியே ஒவ்வொரு தீவாகப் போனது. இலங்கையைச் சுற்றப் பத்து நாள் போதாது. அந்தமானில் ரோடு நீளமாகப் போகிறதே தவிர வட்டமாகத் திரும்பவில்லை. மாலத்தீவில் பாதித் தீவுகளுக்கு ஒரு மிதி போட்டாலே கடல் வந்துவிடுகிறது. தெற்குக் கோடியில் அட்டூ என்று ஓர் இடத்தில் மட்டும் நாலைந்து தீவுகளைக் கரை போட்டு இணைத்து ஒரே நேர் ரோடு போட்டிருக்கிறார்கள். 'சுற்றுச்சாலை இல்லை. நிராகரிக்கலாம்.' இரண்டிரண்டு தீவாக நோட்டீஸ் விட்டு, ஒவ்வொரு தடவையும் பதினைந்து நாள் அவகாசம் கொடுக்க ஆரம்பித்ததில் நவம்பர் போனது, டிசம்பர் போனது. பொங்கலும் போனது. கடைசியில் மலேசியா பக்கம் ஒரு தீவு தேறியது. வட்டமான ரோடு, அளவான தூரம், இட்லியும் உண்டு. ஆட்சேபணைக்குக் கடைசி நாள் சாயந்திரம் எங்கள் ஜீப் டிரைவர் வந்து நின்றான். அவன் தேவனாம்பட்டினத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். என்னை மச்சான் என்பான், சார் என்றால் அவனுக்கு உயிர்.

"சார், சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. பகல்ல தரை சூடாயிரும். காத்து கடல்லேருந்து தரைக்கு வரும். தீவுன்னா நாலு பக்கமும் கடலு. அப்ப நாலு பக்கத்துலேருந்தும் உள்ள வரும். நீங்க கரையோரமா சுத்துறீங்க. உங்களுக்கு முதுகுலயும் அடிக்காது, மூஞ்சிலயும் அடிக்காது. காதுலதான் சார் அடிக்கும்."

சார் அதையும் ஓர் ஆட்சேபணையாகப் பதிவு செய்தார்.

மறுநாள் சார் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நேரில் போய் விசாரணை நடத்தினார். டிரைவரின் பெரியப்பா வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சார் மணலில் சம்மணம் போட்டு வாக்குமூலம் எழுதிக்கொண்டார்.

"பையன் சொல்றது செரிதான்" என்றார் பெரியப்பா. "வலமா சுத்துனா எடது காது. எடமா சுத்துனா வலது காது. அவ்ளோதான் வித்தியாசம்."

சார் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். டூட்டி லிஸ்ட் போட இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

அறைக்கு வந்து பதினோரு ஃபைலையும் என் முன்னால் அடுக்கினார். "எல்லாத்தையும் முடிச்சி கட்டிருப்பா. எனக்குக் கொடுத்து வைக்கல. அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். இந்த மனிதர் தோற்று நான் பார்த்ததே இல்லை. தோற்கக் கூடியவர் என்றுகூட நினைத்ததில்லை.

ஒரு கோப்பை முடிப்பதென்றால் நோட்டீஸ் போக வேண்டியவர்களுக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆபீஸ் வழக்கம் அது. நான் கையெழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். டிரைவர் இருந்தான். டீக்கடைக்காரர் பதினோரு ஃபைலிலும் இருந்தார். நான் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

"சார்" என்றேன். "அக்காவுக்கு நோட்டீஸ் போகலியே?"

"யாருக்கு?"

"அக்காவுக்கு சார். கேரியர்ல உக்காரப் போறவங்களுக்கு."

சார் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிலத்துக்காரருக்கே நோட்டீஸ் கொடுக்காமல் வந்த பட்டா ஃபைல்களை எத்தனை தடவை மூஞ்சியில் அடிக்காத குறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! அதே தவறை அவரே செய்திருந்தார். அதுவும் பதினோரு தடவை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து பளிச்சென்று சிரித்தார்.

"அப்ப இதுவரைக்கும் நடந்தது எதுவுமே செல்லாதுப்பா!"

வெள்ளிக்கிழமை சாயந்திரம், நான் அறிந்து முதல் தடவையாக, அவர் சைக்கிளை ஆபீஸிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் வீடு. டூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா, கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டீஸை முழுக்கப் படித்தார்.

"இன்னா தம்பி இது, நெசமாவே கையெழுத்து போடணுமா?"

"போட்டுருங்கக்கா. இல்லன்னா சாருக்குத் தூக்கம் வராது."

கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நோட்டீஸின் பின்பக்கம் நிதானமாக எழுதினார். நான் அதை இன்னும் மனப்பாடமாகச் சொல்வேன்.

'தீவு பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. காற்று பற்றியும் இல்லை. கேரியரில் உட்காருவது பற்றி ஆட்சேபணை உண்டு. எனக்குத் தனி சைக்கிள் வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியும். திருப்பத் தெரியாது. ஆகவே வளைவு இல்லாத ரோடாகப் பார்க்கவும்.'

சார் படித்துவிட்டு, "ஓட்டத் தெரியுமா?" என்றார்.

"காலையில பாருங்க" என்றார் அக்கா.

விடிந்தும் விடியாமலும் தெற்கு வீதிக்குப் போனோம். தேர் போகிற வீதி, அகலத்துக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் பெண்ணின் சைக்கிளில் அக்கா ஏறினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, அம்பு மாதிரி நேராகப் போனார். வீதி முனை வந்ததும் இறங்கினார். சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி மேல வீதிப் பக்கம் திருப்பி வைத்தார். மறுபடி ஏறினார். அந்த முனையிலும் இறங்கி, தூக்கி, திருப்பி, ஏறி, இப்படியே நாலு வீதியையும் முடித்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"எப்பக் கத்துக்கிட்ட?" என்றார் சார்.

"நீங்க தீவு தேடிக்கிட்டிருந்தீங்கல்ல, அப்பத்தான். முட்டியப் பாத்தா தெரியும், எத்தினி காயம்னு."

"மொழங்கையில கட்டு இருந்துச்சே. கேட்டதுக்கு வார்டுல கட்டில் இடிச்சிருச்சின்னியே?"

"நீங்க காயத்துக்கும் நோட்டீஸ் வுடுவீங்களோன்னு பயந்துதான்."

எதிர்காத்து சார் அன்று வீதியில் நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காற்றையே கணக்குப் போட்டு வைத்திருந்த அந்த மனிதர், ஐம்பதை நெருங்குகிற தன் மனைவியைத் தேரைப் பார்க்கிறவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவருக்குப் பக்கத்தில் அதே மாதிரி நின்றேன்.

வளைவு இல்லாத ரோடு என்றதும் அவர் வாய் தானாக, "அட்டூ" என்றது. பையில் கொண்டுவந்திருந்த ஃபைல்களில் அந்த நிராகரித்த ஃபைலை எடுத்து மறுபடி திறந்தார். ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுக்கவில்லை. அன்று மத்தியானமே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. லிஸ்ட்டிலிருந்து அக்கா பேரும் எடுபட்டது.

பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய், பத்து நாளும் சைக்கிள் விட்டுவிட்டு, இரண்டு பேரும் நன்றாகக் கறுத்துத் திரும்பி வந்தார்கள். சார் போனில் படங்கள் காட்டினார். நூறு படத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் நீலக் கடல், நடுவில் நேர் ரோடு, அதில் தூரத்தில் சைக்கிளில் போகும் அக்காவின் முதுகு.

"இன்னா சார், ஒரு படத்துல கூட மூஞ்சி இல்ல?"

"அவ முன்னாடி போயிக்கிட்டே இருந்தாப்பா. நான் பின்னாடியே போனேன்" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "பத்து நாளும் அவளப் பாத்துக்கிட்டே போனேன். நல்லாருந்துச்சி."

மறுவாரம் சிதம்பரத்துக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். அங்கே இடம் எத்தனையோ தடவை காலியாக இருந்திருக்கிறது. திங்கட்கிழமை சைக்கிள் பயணம் போய்விடும் என்று அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை. இப்போது, கீழே ஒரு படி குறைந்த சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தார்.

மாறுதல் விண்ணப்பங்களுக்குக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் சீட்டின் வேலை. எங்கள் ஆபீஸில் அந்த வேலைக்கு மூன்று மாதம் ஆகும், நான்கானாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவர் போனால் அந்த மாடி அறையில் நான் யாரோடு பேசுவேன் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. விண்ணப்பம் காலை பத்தரைக்கு என் மேஜைக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் குறிப்பு எழுதி, கையெழுத்துகள் வாங்கி, கவரில் போட்டு ஒட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். என் சர்வீஸில் அவ்வளவு வேகமாக நான் முடித்த ஃபைல் வேறு கிடையாது.